வந்தவர் ஆட்டமும் வளர்பவர் ஆட்டமும்

ஒரு கூடைப்பந்து அணி வெளியிலிருந்து ஓர் ஆட்டக்காரரை ஒப்பந்தம் செய்யும்போது அவருடைய உயரம், முந்தைய பருவத்தில் அவர் ஆட்டத்திற்குச் சராசரியாக எடுத்த புள்ளிகள், கேட்கும் சம்பளம் ஆகிய மூன்றையும் பார்த்தே பெரும்பாலும் முடிவெடுக்கிறது. அவர் ஆடும் பாங்கு ஏற்கெனவே அணியில் இருக்கும் இளையோரின் ஆட்டத்தோடு பொருந்துமா என்னும் கேள்வி, பருவம் தொடங்கி நான்கைந்து தோல்விகள் ஆன பிறகுதான் எழுகிறது. அதற்குள் ஒப்பந்தத்தின் பாதி முடிந்திருக்கும், இளையோரின் ஆட்டமும் வந்தவருக்கேற்ப வளைந்திருக்கும், யாரை யாருக்காக மாற்றுவது என்பதே பயிற்றுநருக்குக் குழப்பமாகிவிடும். ஜொகூர் சதர்ன் டைகர்ஸ் போன்ற தொழில்முறை அணி ஒன்று மாநிலத்தில் உருவாகி, தேசிய அளவிலான லீக்கில் ஆடும் நிலை வந்துவிட்ட பிறகு, இந்தக் கேள்வி அமெரிக்காவின் என்பிஏ லீக்கைத் தொலைக்காட்சியில் பார்ப்போரின் பொழுதுபோக்கு விவாதமாக மட்டும் இருக்க முடியாது.

இங்கே ‘இளம் மையக்குழு’ எனப்படுவது, ஓர் அணி அடுத்த நான்கைந்து பருவங்களுக்குத் தன் ஆட்டத்தை யாரை நம்பிக் கட்ட நினைக்கிறதோ அந்த மூன்று அல்லது நான்கு இளைய ஆட்டக்காரர்களைக் குறிக்கும். அவர்கள் அணியின் தலைசிறந்தவர்களாக இன்று இருக்க வேண்டியதில்லை. ஆனால் தவறு செய்யவும் திருத்திக்கொள்ளவும் அவர்களுக்கு ஆடுகளத்தில் நேரம் கிடைத்தாக வேண்டும். ‘ஆட்டப் பாங்கு’ என்பதையும் சற்று இறுக்கமாகவே பொருள்கொள்ள வேண்டும். ஒருவர் அழகாக ஆடுகிறாரா, ஆவேசமாக ஆடுகிறாரா என்பது பார்வையாளரின் கணக்கு. பயிற்றுநரின் கணக்கில், ஓர் ஆட்டக்காரர் தன் வேலையைச் செய்ய எவ்வளவு நேரம் பந்து தன் கையில் இருக்க வேண்டும், களத்தின் எந்தப் பகுதி தனக்குக் காலியாக இருக்க வேண்டும், மற்ற நால்வரும் தனக்காக என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார் என்னும் மூன்று தேவைகளின் தொகுப்பே பாங்கு ஆகும். இரண்டு பேரின் தேவைகள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் மோதினால் அவர்கள் தனித்தனியே எவ்வளவு திறமைசாலிகளாயினும் அணிக்கு இழப்புதான்.

ஜொகூரில் வளரும் இளைய ஆட்டக்காரர் எத்தகையவர் என்பதை அவர் வளரும் இடம் பெரிதும் தீர்மானிக்கிறது. மலேசியாவில் கூடைப்பந்து சீனப்பள்ளிகளையும் சீனச் சங்கங்களையும் சுற்றி வேரூன்றிய விளையாட்டு. ஜொகூர் பாருவில் 1913இல் தொடங்கப்பட்ட ஃபூன் இயூ, மூவாரின் சுங் ஹுவா போன்ற சீனத் தனியார் இடைநிலைப்பள்ளிகளிலும், பத்து பகாட், குளுவாங், சிகாமட் போன்ற பட்டணங்களின் திடல்களிலும் பிள்ளைகள் பத்து வயதிலேயே பந்தைத் தட்டத் தொடங்கிவிடுகிறார்கள். தமிழ்ப் பிள்ளைகள் இந்த வட்டத்திற்குள் வருவது அரிது என்றாலும் புதிதல்ல. ஆசியான் கூடைப்பந்து லீக்கில் ஆடிய கோலாலம்பூர் டிராகன்ஸ் அணியில் குகனேஸ்வரன் பத்துமலை, சத்தியசீலன் குப்புசாமி ஆகிய இருவரும் இடம்பெற்றிருந்தனர். இந்தச் சூழலில் உருவாகும் பையன்களிடம் பொதுவாகக் காணப்படுபவை விரைவான கால்கள், நல்ல பந்துக் கட்டுப்பாடு, தொலைவிலிருந்து எறியும் துணிச்சல், முழுத் திடலிலும் எதிரியை நெருக்கும் மூச்சுப்பலம் ஆகியவை; இரண்டு மீட்டரைத் தாண்டிய உயரம் மட்டும் அவர்களிடம் கிடைப்பதில்லை. ஆகவே ஜொகூர் அணியொன்றின் இளம் மையக்குழு ஏறக்குறைய எப்போதும் காவல்நிலை ஆட்டக்காரர்களாகிய ‘கார்ட்’களால் ஆனது, பந்தை மேலே கொண்டுவந்து தாக்குதலைத் தொடங்குபவர்களும் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிபவர்களும் இவர்களே.

உயரமில்லாத அணி உயரமான ஒருவரை இறக்குமதி செய்வது இயல்பு. கோளாறு அங்கே இல்லை. உயரமானவர்களிலும் முற்றிலும் வேறான பாங்குகள் உண்டு என்பதைக் கவனிக்காமல், ஆட்டத்திற்கு இருபத்தைந்து புள்ளி எடுத்தவர் என்ற ஒரே காரணத்திற்காக ஒருவரை அழைத்துக்கொள்வதில்தான் கோளாறு தொடங்குகிறது. இருபத்தைந்து புள்ளிகளை ஒருவர் எங்கிருந்து, யாருடைய நேரத்தை எடுத்துக்கொண்டு பெற்றார் என்பது புள்ளிப்பட்டியலில் தெரியாது.

நேரம் என்று சொல்லும்போது அது நொடிக்கணக்கு. சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமாகிய ஃபிபாவின் விதிப்படி ஓர் அணி பந்தைப் பெற்ற 24 நொடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். அதில் முதல் 8 நொடிக்குள் பந்து நடுக்கோட்டைக் கடந்திருக்க வேண்டும். பந்தை எதிர்ப்பாதிக்குள் கொண்டுசென்று ஐவரும் தத்தம் இடத்தில் நிற்பதற்குள் ஏழெட்டு நொடி கரைந்துவிடும். மிச்சமிருக்கும் பதினாறு நொடியில், தனியாளாகப் பந்தைத் தட்டித் தட்டித் தடுப்பாளரை அசைத்துப் பார்க்கும் பழக்கமுள்ள இறக்குமதி ஆட்டக்காரர் பத்துப் பன்னிரண்டு நொடியை எடுத்துக்கொண்டால், வழி கிடைக்காதபோது அவர் கையிலிருந்து பந்து வெளியே வருவது கடைசி மூன்று நான்கு நொடியில்தான். அப்போது அதைப் பெறுபவர் மூலையில் நிற்கும் பத்தொன்பது வயதுப் பையன். எதிரி அவன் மேல் பாய்ந்துகொண்டிருப்பான், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், எறிவதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. அந்தப் பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தால் தவறிய எறிதல் அவன் பெயரிலேயே பதிவாகும். பருவத்தின் நடுவில் பையன்களின் எறிதல் விகிதம் ஏன் சரிந்தது என்று நிர்வாகம் கேட்கும். பயிற்றுநரும் கூடுதல் எறிதல் பயிற்சி கொடுப்பார். சரிந்தது பையனின் கை அல்ல, அவனுக்குக் கிடைத்த பந்தின் தரம் என்பது ஆட்டப் பதிவைக் கடிகாரத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் தெரியவரும்.

இதைக் காட்டிக்கொடுக்கும் சிறிய அடையாளம் ஒன்று உண்டு. அனுபவமுள்ள பயிற்றுநர்கள் எண்களுக்கு முன்பே அதைக் கண்டுகொள்கிறார்கள். பந்து எந்த நேரமும் வரலாம் என்று நம்பும் மூலை ஆட்டக்காரன் முழங்காலைச் சற்று மடக்கி, ஒரு பாதத்தை அரையடி முன்வைத்து, இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே விரல் விரித்து வைத்திருப்பான்; பந்து வந்ததும் கையைக் கீழே இறக்கி மேலே தூக்க வேண்டிய தேவையின்றி வந்த இடத்திலிருந்தே எறிந்துவிடலாம் என்பதால் அரை நொடி மிச்சமாகும். பந்து வராது என்று அவன் உடல் கற்றுக்கொண்டுவிட்டால் அந்தக் கைகள் மெல்ல இடுப்புக்கு இறங்கும், முழங்கால் நிமிரும், பார்வை பந்தைவிட்டுப் பார்வையாளர் பக்கம் போகும். அவன் சோம்பேறியானான் என்று திட்டுவது எளிது. அவனுடைய உடல் தனக்குக் கிடைத்த செய்தியைச் சரியாகவே படித்திருக்கிறது.

இடம் பற்றிய தேவை நேரத்தைவிடச் சிக்கலானது. என்பிஏ ஆட்டத்தைப் பார்த்து முடிவெடுக்கும் நிர்வாகிகள் அடிக்கடி தவறவிடும் விதி வேறுபாடு ஒன்று இங்கே குறுக்கிடுகிறது. வளையத்தின் கீழே 4.9 மீட்டர் அகலத்தில் வண்ணம் பூசப்பட்ட செவ்வகப் பகுதிக்குள், தன் எதிராளிக்கு அருகில் இல்லாத தடுப்பாளர் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது என்று என்பிஏ 2001-02 பருவத்திலிருந்து விதித்திருக்கிறது. ஃபிபா விதியில் அந்தத் தடை இல்லை. தாக்கும் அணியினருக்குத்தான் மூன்று நொடிக் கட்டுப்பாடு. தடுப்பவர் விரும்பினால் வளையத்தின் கீழேயே நின்றுகொள்ளலாம். ஜொகூரில் ஆடப்படுவது ஃபிபா விதி. எனவே 6.75 மீட்டர் தொலைவிலுள்ள மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியத் தெரியாத ஒருவர் களத்தில் இருந்தால், அவருக்கான தடுப்பாளர் அவரை அப்படியே விட்டுவிட்டு வளையத்தின் கீழே காவல் நிற்பார். விரைவான கால்களை மட்டுமே மூலதனமாகக் கொண்டு உள்ளே புகுந்து பழகிய ஜொகூர்ப் பையன் அங்கே ஒரு சுவரில் போய் மோதுவான். எறியத் தெரியாத இருவர் இருந்தால் அவன் உள்ளே நுழையவே யோசிப்பான்.

இந்தப் பொருத்தமின்மையின் தெளிவான சான்று அண்மை என்பிஏ வரலாற்றிலேயே உள்ளது. ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி 2021ஆம் ஆண்டுப் புதுமுகத் தேர்வில் (டிராஃப்ட்) ஆறாவதாகத் தெரிந்தெடுத்த ஆஸ்திரேலியர் ஜோஷ் கிடி, உயரமும் பார்வையும் வாய்ந்த, பந்தைக் கடத்துவதில் தேர்ந்த இளைஞர். அந்த மையக்குழுவோடு சேர்ந்தே வளர்ந்தவர். ஆனால் அணியின் தாக்குதல் முழுவதும் ஷேய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் பந்தோடு உள்ளே புகுவதைச் சுற்றி அமைந்துவிட்டபோது, பந்து கையில் இல்லாத கிடி என்ன செய்வார் என்னும் கேள்விக்கு நல்ல விடை கிடைக்கவில்லை. 2024ஆம் ஆண்டு பிளே-ஆஃப் இரண்டாம் சுற்றில் டாலஸ் அணி அவரைத் தொலைவில் தனியே விட்டுவிட்டு உள்ளே கூட்டம் சேர்த்தது. அந்தத் தொடரின் நடுவில் அவர் தொடக்க ஐவரிலிருந்து இறக்கப்பட்டார், அணி 4-2 எனத் தோற்றது. ஜூன் மாதத்தில் கிடியைச் சிக்காகோவுக்குக் கொடுத்துவிட்டு அலெக்ஸ் கரூசோவைத் தண்டர் பெற்றது. கரூசோ கிடியைவிடப் பெரிய திறமைசாலி என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவருக்குப் பந்து தேவையில்லை. எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரைத் தடுப்பார், மூலையில் நின்றால் எறிவார், அவ்வளவே. அடுத்த பருவத்தில் தண்டர் 68 வெற்றி, 14 தோல்வி என்ற கணக்கோடு 2025இல் பட்டம் வென்றது. அதே பருவத்தில் சிக்காகோவில், பந்து தன் கைக்கு வந்தவுடன், கிடி தன் வாழ்வின் சிறந்த ஆட்டத்தை ஆடினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரு அணிகளுக்கும் லாபம். இடம் மாறியதே தவிர மனிதர் மாறவில்லை.

கிடியின் கதையை மட்டும் வைத்துக்கொண்டு, பந்து தேவைப்படாத ஆட்டக்காரரே இளம் மையக்குழுவுக்கு ஏற்றவர் என்று முடிவு கட்டினால் அது பாதி உண்மையாகவே நிற்கும். கிறிஸ் பால் அந்த முடிவைக் குலைக்கிறார். தலைமுறையிலேயே பந்தை அதிகம் தன் கையில் வைத்திருப்பவர்களில் ஒருவரான அவர் 2019இல், தம் 34ஆம் வயதில், அதே ஓக்லஹோமா அணிக்கு வந்து சேர்ந்தபோது அவரால் இளையோரின் வளர்ச்சி தடைப்படும் என்று கருத இடமிருந்தது. நடந்தது வேறு. அந்தப் பருவத்தில் அணியில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் பால் அல்லர், 21 வயது கில்ஜியஸ்-அலெக்சாண்டர். அணி 44 வெற்றி, 28 தோல்வியோடு முடித்தது. அடுத்த ஆண்டு பால் ஃபீனிக்ஸுக்குச் சென்றார். அதற்கு முந்தைய பருவத்தில் 34-39 என்று முடித்திருந்த அந்த இளம் அணி 51-21 என்று உயர்ந்து இறுதித் தொடர்வரை சென்று மில்வாக்கியிடம் 4-2 எனத் தோற்றது. வளையத்தருகே ஆடும் நெடிய ஆட்டக்காரராகிய ‘சென்டர்’ நிலையில் ஆடிய இளையவர் டிஆண்ட்ரே எய்ட்டனின் எறிதல் துல்லியம் 54.6 விழுக்காட்டிலிருந்து 62.6 விழுக்காட்டுக்கு ஏறியது.

பந்தை அவ்வளவு நேரம் வைத்திருந்தும் பாலால் இளையோர் ஏன் சுருங்கவில்லை? இந்தத் தொழிலில் நெடுநாள் இருப்பவர்களின் பார்வையில் இதற்கான விடை, அவருடைய ஆட்டம் முன்கூட்டி அறியத்தக்கது என்பதே. சக ஆட்டக்காரர் தடுப்பாளரின் வழியில் நின்று இடும் வலப்பக்க மறிப்பைப் பயன்படுத்தி அவர் நடுப்பகுதிக்கு வந்தால் சென்டர் எந்தக் கணத்தில் வளையத்தை நோக்கி ஓட வேண்டும், எதிர்மூலையில் நிற்பவர் எந்தக் கணத்தில் ஓரடி மேலே ஏற வேண்டும் என்பது ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒன்றே. இளையவருக்குக் கடினமானது பந்து தாமதமாக வருவதல்ல. எப்போது வரும் என்று தெரியாமலிருப்பது. நூறு முறை ஒரே நேரத்தில் ஒரே இடத்திற்கு வந்த பந்து நூற்றோராவது முறையும் அங்கேதான் வரும் என்று நம்பி ஓடுபவனின் கால் தயங்காது. தயங்காத காலே இளமையின் ஆற்றலைப் புள்ளியாக மாற்றுகிறது. தனியாளாக ஆடுபவர் பந்தை வைத்திருப்பதும் பால் வைத்திருப்பதும் கடிகாரத்தில் ஒரே அளவாக இருக்கலாம். முன்னவரைச் சுற்றியிருப்போர் வேடிக்கை பார்க்கிறார்கள், பின்னவரைச் சுற்றியிருப்போர் வேலை செய்கிறார்கள்.

மலேசியாவின் சொந்த அனுபவத்தில் இதற்கு மிக அருகில் வருபவர் ஜேசன் பிரிக்மேன். அமெரிக்கப் பல்கலைக்கழக ஆட்டத்தில் ஆயிரம் அசிஸ்ட்களைத் தாண்டிய, அதாவது தம் கடத்தலால் சக ஆட்டக்காரர் புள்ளியெடுக்கும் வகையில் ஆயிரம் முறைக்குமேல் பந்தளித்த, வரலாற்றில் நான்காவது ஆட்டக்காரரான அவர், 2015-16 பருவத்தில் வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ் அணிக்கு ஆடினார். பிலிப்பீன்ஸ் பயிற்றுநர் ஏரியல் வாங்கார்டியாவின் கீழ் அந்த அணி, ஜொகூர் நீரிணைக்கு அந்தப் பக்கமிருக்கும் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் அணியை 3-2 என வென்று ஆசியான் லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. பிரிக்மேன் பந்தளிக்க, மேத்யூ ரைட் தொலைவிலிருந்து எறிய, ரெஜி ஜான்சனும் கால்வின் காட்ஃப்ரியும் வளையத்தின் கீழே வேலையைப் பார்த்துக்கொண்டார்கள்; நால்வருடைய தேவைகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் அமைந்திருந்தன. வெளியிலிருந்து வந்தவர்களைத் தங்களுக்குள் பொருத்துவது எப்படி என்பதற்கு அது பாடம். ஆனால் உள்ளூர் இளையோரோடு அவர்களைப் பொருத்துவதற்கான பாடத்தை அதே அணியிலிருந்து முழுதாகப் பெற முடியாது. நால்வர் சுமக்கும் அணியில் ஐந்தாமவருக்கு முடிவெடுக்கும் வாய்ப்பு குறைவு.

இனி, உயரமானவர் பற்றி. இந்தக் கட்டுரையின் நடைமுறைப் பயன் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. வேகமான, குட்டையான கார்ட்களைக் கொண்ட ஜொகூர் மையக்குழுவுக்கு வளையத்திற்கு முதுகைக் காட்டி நின்று, பந்தைக் கேட்டு வாங்கி, எதிரியை முட்டித் தள்ளிப் புள்ளியெடுக்கும் பழைய பாங்குச் சென்டர் ஏற்றவரல்லர். அவருக்கு இடதுபுறக் கீழ்ப்பகுதி காலியாக வேண்டும், பந்து உள்ளே சென்றதும் மற்ற நால்வரும் அசையாமல் நிற்க வேண்டும். பையன்கள் உள்ளே புகுவதற்கு இருந்த ஒரே வாசலில் அவர் உட்கார்ந்துகொள்கிறார். ஏற்றவர் மறிப்பிடத் தெரிந்தவர்.

மறிப்பு என்பது, பந்தோடு வரும் கார்டைத் துரத்தும் தடுப்பாளரின் வழியில் ஒருவர் அசையாமல் நின்று அவரை முட்டிக்கொள்ளச் செய்வதாகும்; ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஸ்கிரீன்’ என்னும் பெயரிலேயே ஆடுகளத்தில் இதைக் கேட்கலாம். பார்வைக்கு இதில் ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் நின்றுவிட்ட பிறகு ஓரங்குலம் இடுப்பை நகர்த்தினாலும் தவறு கூவப்படும் என்பதால், கார்ட் வந்து சேர்வதற்கு ஒரு மூச்சுக்கு முன்பே பாதங்கள் தோள் அகலத்திற்குமேல் விரிந்து ஊன்றியிருக்க வேண்டும். கார்ட் நடுப்பகுதிக்குச் செல்வாரா ஓரமாகச் செல்வாரா என்பதை மறிப்பவர் நிற்கும் கோணமே தீர்மானிக்கும். பையனின் தோள் மறிப்பவரின் இடுப்பை உரசிச் செல்ல வேண்டும். இருவருக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி இருந்தால் தடுப்பாளரும் நுழைந்துவிடுவார். உரசல் நடந்த உடனே மறிப்பவர் பின்காலில் திரும்பி வளையத்தை நோக்கிப் புறப்பட வேண்டும். அவர் புறப்படும் வேகத்தைப் பார்த்துத்தான் எதிரணியின் உதவித் தடுப்பாளர் உள்ளே இழுபடுவார், அவர் இழுபட்டால்தான் மூலையில் கைகளை உயர்த்தி நிற்கும் பையன் தனியாவான். ஒரு மாலை முழுவதும் இவ்வாறு நாற்பது மறிப்பிட்டு, ஆறே ஆறு முறை பந்தைத் தொட்டு, எட்டுப் புள்ளியோடு வீட்டுக்குப் போகும் மனம் உள்ளவரைத் தேடிப் பிடிப்பது கடினம். ஏனெனில் அடுத்த ஆண்டு வேறு நாட்டில் வேறு அணி அவரைப் பார்க்கும்போது அந்த எட்டுப் புள்ளியைத்தான் பார்க்கும். அவர்மீது குறை சொல்லிப் பயனில்லை. அவருடைய பிழைப்பு புள்ளிக்கணக்கில் இருக்கிறது. இதைத் தீர்க்கும் வழி ஒப்பந்தத்திலேயே இருக்கிறது: ஊக்கத்தொகையை அவர் எடுக்கும் புள்ளிக்குத் தராமல் அணியின் வெற்றிக்கும் அவர் களத்தில் இருந்த நிமிடங்களின் புள்ளி வித்தியாசத்திற்கும் தரலாம். சில சங்கங்களின் நிர்வாகிகளுக்கு இது விளங்க நாளாகும்.

மறிப்போடு கடத்தலும் தெரிந்த சென்டர் கிடைத்துவிட்டால் மையக்குழு பெறும் பயன் இரட்டிப்பாகிறது. தண்டர் அணி கரூசோவைப் பெற்ற அதே கோடையில் ஐசையா ஹார்ட்டன்ஸ்டைனையும் மூன்றாண்டுக்கு ஒப்பந்தம் செய்தது இந்த நோக்கில்தான் விளங்கும். தனிவீச்சுக் கோட்டருகே பந்தைப் பெற்று, அங்கிருந்தே வெட்டி ஓடும் இளையவருக்குக் கொடுக்கவும், யாரும் நெருங்காவிட்டால் ஒரு கையால் மென்மையாக மிதக்கவிடவும் தெரிந்தவர் அவர். வளையத்தின் கீழ்ப்பகுதியை எப்போதும் இளையோருக்கு விட்டுவைத்தார்.

தாக்குதலைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டுத் தடுப்பாட்டத்தைக் குறைவாக எழுதுவது நியாயமாகாது என்றாலும், அங்கே விஷயம் எளிமையானது. முழுத் திடலில் நெருக்கி ஆடுவது ஜொகூர்ப் பையன்களின் பலம். அவர்கள் முன்னே சென்று நெருக்கும்போது பின்னாலிருக்கும் இறக்குமதிச் சென்டர் மூச்சு வாங்கிக்கொண்டு வளையத்தின் கீழேயே நின்றுவிட்டால், நடுவில் பத்து மீட்டர் வெற்றிடம் உருவாகிறது. நெருக்கத்தை உடைத்து வரும் எதிரி அந்த வெற்றிடத்தில் ஓடிவரும்போது பின்னாலிருந்து துரத்தும் பையன் கையை நீட்டித் தவறு வாங்குகிறான். என்பிஏவில் ஆறு தவறுக்கு வெளியேற்றம், ஃபிபாவில் ஐந்துக்கே வெளியேற்றம். மூன்றாம் கால்பகுதிக்குள் இரண்டு இளைய கார்ட்கள் நான்கு தவறோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். இப்படிப்பட்ட சென்டர் வேண்டுமென்றால் நெருக்கி ஆடுவதைக் கைவிட வேண்டும். நெருக்கி ஆடுவது வேண்டுமென்றால் இப்படிப்பட்ட சென்டரைக் கைவிட வேண்டும். இரண்டையும் வைத்துக்கொண்டு சமாளிக்கலாம் என்று நினைக்கும் பயிற்றுநர்களே அதிகம்.

தேசிய அணியில் இந்தப் பிரச்சினை சற்று இளகுகிறது. பதினாறு வயதுக்குப் பின் குடியுரிமை பெற்றவர்களில் ஒருவரை மட்டுமே ஓர் அணி களமிறக்கலாம் என்பது ஃபிபா விதி என்பதால், இளையோரோடு பொருத்த வேண்டியவர் அங்கே ஒருவரே. 2022 மே மாதம் ஹனோயில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டில் இந்தோனேசியா, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆடிய நெடிய சென்டர் மார்க்கெஸ் போல்டனுக்குக் குடியுரிமை அளித்து, செர்பியப் பயிற்றுநர் ராஜ்கோ டோரோமனின் கீழ், பிலிப்பீன்ஸை 85-81 என வீழ்த்தித் தங்கம் வென்றது. அந்த விளையாட்டில் பிலிப்பீன்ஸின் தங்கத்தைக் களத்தில் பறித்த முந்தைய அணி எது என்று தேடினால் 1989இல் கோலாலம்பூரில் வென்ற மலேசியாவிடம் போய் நிற்க வேண்டும். மலேசியக் கூடைப்பந்தைப் பற்றிய எந்தப் பேச்சிலும் அந்த ஆண்டு பெருமையாகவும் ஏக்கமாகவும் வந்துவிடுகிறது.

இந்தியாவின் நிலை ஜொகூருக்கு நேர்மாறானது. லூதியானா கூடைப்பந்துக் கழகத்தில் பயிற்றுநர் சங்கரன் சுப்பிரமணியன் பஞ்சாப் கிராமங்களின் நெடிய பையன்களை எடுத்து வளர்த்தார். அம்ரித்பால் சிங், அம்ஜோத் சிங், 2015இல் டாலஸ் அணியால் 52ஆவதாகத் தேர்வு செய்யப்பட்ட சத்னாம் சிங் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள். அவர் 2013இல் மறைந்தார். அடுத்த ஆண்டு வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா சீனாவை அதன் மண்ணிலேயே 65-58 என வென்றபோது, அணியின் முதுகெலும்பாக இருந்தவர்களில் அவருடைய மாணவர்கள் இருவர். அங்கே இளம் மையக்குழு வளையத்தின் கீழே நின்றது; அதற்குத் தேவைப்பட்டவர் நெடியவர்களுக்குச் சரியான உயரத்தில், அவர்கள் குனியாமல் பிடிக்கும்படி பந்தளிக்கத் தெரிந்த கார்ட். ஜொகூருக்குப் பொருந்தும் இறக்குமதி ஆட்டக்காரர் அந்த அணிக்கு எந்தப் பயனும் தந்திருக்கமாட்டார். சிறந்த இறக்குமதி ஆட்டக்காரர் யார் என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஜொகூர் வாசகருக்கு இந்த வேறுபாடு காற்பந்தில் பழக்கமானதுதான். அர்ஜென்டினாவின் பாப்லோ ஐமார் 2014 பருவத்திற்கு ஜொகூரின் ஜேடிடி காற்பந்து அணிக்கு வந்தபோது லார்க்கின் அரங்கில் எழுந்த ஆரவாரம் சிறிதல்ல. காயங்களால் சில மாதங்களிலேயே அவர் விலகினார். அடுத்த ஆண்டு பயிற்றுநர் மாரியோ கோமஸின் கீழ் ஏஎஃப்சி கிண்ண இறுதியாட்டத்தில் துஷான்பேயில் வெற்றிக் கோலை அடித்த லியாண்ட்ரோ வெலாஸ்கெஸும் அர்ஜென்டினரே. அவருடைய பெயர் ஐமாரின் பெயரளவு உலகப் புகழ் பெற்றதன்று. காயத்தைப் பாங்கின் கணக்கில் எழுதக் கூடாது என்பது சரி, ஆனால் பெயரைப் பார்த்து வாங்குவதற்கும் வேலையைப் பார்த்து வாங்குவதற்கும் உள்ள தூரத்தை அந்த இரண்டு பருவங்களும் காட்டின.

கடைசியாக, எந்தப் பட்டியலிலும் சேராத ஒரு தேவை பேச்சு. ஜொகூரின் ஆடுகளங்களில் தடுப்பாட்டக் குரல்கள் பெரும்பாலும் மாண்டரினில் எழுகின்றன. மறிப்பு இடப்பக்கம் வருகிறது, ஆளை மாற்றிக்கொள், நான் பின்னால் இருக்கிறேன் என்னும் மூன்று செய்திகளும் அரை நொடிக்குள் சொல்லப்பட்டுக் கேட்கப்பட வேண்டியவை. இறக்குமதி ஆட்டக்காரருக்கு ஆங்கிலம்தான் தெரியும். அணியிலுள்ள மலாய்க்கார, தமிழ்ப் பையன்களுக்கு மாண்டரின் அரைகுறையாகத் தெரியும். அனுபவமுள்ள பயிற்றுநர்கள் பருவத்தின் முதல் வாரத்திலேயே ஏழெட்டுக் குறுஞ்சொற்களைத் தெரிந்தெடுத்து, அவை எந்த மொழியினவாக இருந்தாலும், எல்லாரும் அவற்றையே கூவ வேண்டும் என்று வகுத்துவிடுகிறார்கள். வந்தவர் அந்தச் சொற்களைப் பழகிக்கொள்ள எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறார் என்பதிலிருந்து அவர் பொருந்துவாரா என்பதைப் பாதி கணித்துவிடலாம். இளையோர் அவரிடம் கூவத் தயங்குகிறார்களா என்பதிலிருந்து மீதியைக் கணிக்கலாம்.

இவையெல்லாவற்றையும் ஒப்பந்தத்திற்கு முன்பே முழுமையாகச் சோதித்துவிட முடியாது. ஆனால் ஒருவருடைய முந்தைய அணியின் ஆட்டப் பதிவுகளில் அவர் புள்ளியெடுத்த காட்சிகளைத் தள்ளிவைத்துவிட்டு, பந்து அவரிடம் இல்லாத நேரங்களை மட்டும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம். தரகர் அனுப்பும் சிறப்புத் தொகுப்பில் அந்தக் காட்சிகள் இருக்காது என்பதால் முழு ஆட்டத்தையே கேட்டு வாங்க வேண்டும். கடைசி இரண்டு நிமிடங்களில் புள்ளி நெருக்கமாக இருக்கும்போது அவருடைய அணியின் இளையவர்கள் யாரைப் பார்க்கிறார்கள், அவர் அவர்களைப் பார்க்கிறாரா என்பதையும் கவனிக்கலாம். பருவம் முடிந்து அவர் விமானம் ஏறிய பிறகு செய்யக்கூடிய சோதனையும் ஒன்று உண்டு: அந்த ஆண்டு வகுத்த ஆட்டமுறைகளில் எத்தனை, அவருக்குப் பதில் அதே பாங்குள்ள இன்னொருவரோ உள்ளூர்ப் பையனோ நின்றாலும் ஓடக்கூடியவை என்று பயிற்றுநர் தம் குறிப்பேட்டில் எண்ணிப் பார்க்கலாம். பாதிக்குமேல் ஓடினால் அடுத்த ஒப்பந்தத்திற்குத் தேடவேண்டியவர் எப்படிப்பட்டவர் என்பது அந்தக் குறிப்பேட்டிலேயே எழுதப்பட்டிருக்கும். ஒன்றுகூட ஓடாவிட்டால், வரும் பருவத்தின் முதல் பயிற்சி நாளில் அந்த மூன்று நான்கு பையன்களோடு எல்லாவற்றையும் மறுபடி தொடக்கத்திலிருந்து வகுக்க வேண்டியிருக்கும்.